கம்ப்யூட்டர் பட்டியலில் தமிழ் நூலுக்கு இடம் உண்டா?

நூல் நிலையங்களுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்து விட்டது. பல்கலைக் கழக நூலகம், கல்லூரி நூலகம் என்று தொடங்கி, பொது நூலகங்கள் வரை அது வந்து கொண்டிருக்கிறது. இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருந்த அட்டைகள் மூலைக்குப் போகின்றன. புத்தகத்தின் பெயரைத் தட்டினால் போதும். அது எந்த அலமாரியில் இருக்கிறது, யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா, எப்போது திரும்பி வரும் என்பதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் திரையில் தெரிந்து விடுகிறது. இது வரவேற்க வேண்டிய மாற்றம் என்பதில் இரண்டு கருத்துக்கு இடம் இல்லை.

ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர்கள் இந்த மாற்றத்தைச் சற்று உற்றுக் கவனிக்க வேண்டும். அட்டையில் இருந்த தமிழ்ப் புத்தகம் கம்ப்யூட்டருக்குள் போகிறதா? போனால், தமிழ் எழுத்தில் போகிறதா? தேடுகிறவர் கண்ணில் படும்படி போகிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் இப்போதே பதில் கேட்க வேண்டும். பத்து ஆண்டு கழித்துக் கேட்டால் பயன் இராது.

பழைய உறவு

சித்தூருக்கும் தமிழுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1911-ம் ஆண்டு தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு, வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிய ஊர் சித்தூர். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்த போது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கு எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே தங்கி விட்டன. 2022-ல் திருப்பதியும் தனி மாவட்டம் ஆயிற்று.

எல்லைக் கோடு மாறியது. மக்கள் மாறவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. ரெயில்வேயிலும் வங்கிகளிலும் வேலைக்கு வந்தவர்கள், திருப்பதியின் ஓட்டல்களையும் கடை கண்ணிகளையும் நம்பி வந்தவர்கள், ரேணிகுண்டாவிலும் ஸ்ரீசிட்டியிலும் தொழிற்சாலைகளுக்கு வந்தவர்கள் என்று பிழைக்க வந்த தமிழர்களும் இருக்கிறார்கள். இவர்களுடைய பிள்ளைகள் தெலுங்கிலோ, ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் தமிழ் எழுத்தைப் பார்த்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத தமிழ், நூல் நிலையத்தில்தான் கிடைக்க வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

எட்டுக் காசு தரும் உரிமை

பொது நூல் நிலையம் யாருடைய தர்மத்திலும் நடப்பதல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகர் ஆனவர் அவர். அன்று சித்தூரும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்ததால், அந்தச் சட்டம் இந்த மண்ணுக்கும் பொருந்தியது. பின்னர் ஆந்திரப் பிரதேசம் 1960-ல் தனக்கென்று நூலகச் சட்டம் இயற்றிக் கொண்டது.

அந்தச் சட்டப்படி வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் எட்டுக் காசு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. சொந்த வீடு உள்ள தமிழரும் அதைச் செலுத்துகிறார். வாடகை வீட்டுக்காரர் நேரடியாகச் செலுத்தாவிட்டாலும், வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஆகவே நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. செலுத்திய வரிக்குரிய பங்கைக் கேட்பதாகும். தனி மொழியும் எழுத்தும் உடைய எந்தப் பகுதி மக்களுக்கும் அவற்றைக் காத்துக் கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தின் 29-வது பிரிவு அளித்திருக்கிறது என்பதையும் மறந்து விடக் கூடாது.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதைப் படிக்கும் வாசகர் கிடைக்க வேண்டும் என்று ரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்தார். கம்ப்யூட்டர் வந்தாலும் அந்த விதி மாறவில்லை. அதை நிறைவேற்றும் கருவிதான் மாறி இருக்கிறது.

ரெயில்வே காட்டிய வழி

கம்ப்யூட்டரைக் கண்டு குமாஸ்தாக்கள் பயந்த காலம் ஒன்று உண்டு. 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள், எந்திரத்தை அலுவலகத்துக்குள் விட மாட்டோம் என்று போராடினார்கள். வேலை போய் விடுமே என்ற கவலை அவர்களுக்கு. அந்தக் கவலையைக் கேலி செய்வது சரியல்ல. ஆனால் எந்திரம் எப்படியும் வந்து சேர்ந்தது.

ரெயில்வேயில் நடந்ததைத் திருப்பதி தமிழர்கள் நன்றாக அறிவார்கள். முன்பெல்லாம் தடித்த பேரேட்டைப் புரட்டித்தான் டிக்கெட் முன்பதிவு செய்வார்கள். ஒரு வண்டிக்கு ஒரு கவுண்ட்டர். அங்கே ஒரு நீண்ட வரிசை. 1985-ல் டில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. 1999-க்குள் நாட்டின் முன்பதிவு மையங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு விட்டன. திருப்பதியில் நின்று கொண்டே திருநெல்வேலியில் புறப்படும் வண்டிக்கு டிக்கெட் வாங்கலாம் என்ற நிலை வந்தது.

இது எப்படிச் சாத்தியம் ஆயிற்று? எந்திரத்தின் வேகம் மட்டும் காரணம் அல்ல. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரே ஒரு குறியீடு என்று ரெயில்வே முதலிலேயே முடிவு செய்து வைத்திருந்தது. திருப்பதிக்கு டி.பி.டி.ஒய்., ரேணிகுண்டாவுக்கு ஆர்.யு., காட்பாடிக்கு கே.பி.டி. பயணி ‘திருப்பதி’ என்று சொன்னாலும் சரி, தெலுங்கு கலந்து சொன்னாலும் சரி, குமாஸ்தா தட்டுவது அந்த நான்கு எழுத்தைத்தான். ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருந்தால் டில்லி ஒரு திருப்பதியையும் சென்னை வேறொரு திருப்பதியையும் தேடிக் கொண்டிருக்கும்.

நூலகத்தில் இந்த முன்வேலை நடக்கிறதா என்பதே கேள்வி.

ஒரு நூலுக்குப் பல பெயர்

தமிழ் தெரியாத ஊழியர் ஒருவர் தமிழ்ப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய உட்காருகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் மீது குற்றம் இல்லை. அவருக்குத் தெரிந்தது தெலுங்கும் ஆங்கிலமும். பக்கத்தில் இருப்பவரிடம் பெயரைக் கேட்டு ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்.

‘திருக்குறள்’ என்பதை எப்படி எழுதுவது? முதல் எழுத்துக்கு ‘டி’ மட்டுமா, ‘டி’யும் ‘எச்’சும் சேர்த்தா? நடுவில் ஒரு ‘கே’யா, இரண்டா? ஒருவர் ஒரு விதம், அடுத்தவர் வேறு விதம். ‘ழ’ வந்தால் ஒருவர் ‘இசட் எச்’ போடுவார், ஒருவர் ‘எல்’ போடுவார். தெலுங்கு எழுத்தில் பதிவு செய்தாலும் இதே தொல்லைதான். தமிழில் ஒரே ககரம். தெலுங்கில் அதற்கு நான்கு எழுத்து. தமிழின் ‘ழ’வுக்கு இன்றைய தெலுங்கில் எழுத்தே கிடையாது.

நூலாசிரியர் பெயர் இன்னும் சிக்கல். ஒரு புத்தகத்தில் மு.வ. என்று இருக்கும். இன்னொன்றில் மு. வரதராசன். வேறொன்றில் வரதராசனார். கல்கி என்று அட்டையில் இருக்கும், உள்ளே ரா. கிருஷ்ணமூர்த்தி என்று இருக்கும். இவர்கள் ஒருவரே என்று தமிழ் தெரிந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அது ஒரே ஆசிரியரை மூன்று பேராகப் பிரித்து, மூன்று இடத்தில் வைத்து விடும்.

பழைய அட்டைப் பெட்டியில் ஒரு வசதி இருந்தது. தேடிய அட்டை அகப்படாவிட்டாலும், முன்னும் பின்னும் நாலு அட்டையைப் புரட்டினால் கண்ணில் பட்டு விடும். சாதாரணக் கம்ப்யூட்டர் தேடலில் அந்தத் தாட்சணியம் இல்லை. ஓர் எழுத்து மாறினாலும் ‘இல்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி விடும். புத்தகம் பத்தடி தூரத்தில் அலமாரியில் இருக்கும். வாசகர் வெறுங்கையோடு வீடு திரும்புவார்.

சித்தூர் மண்ணின் மைந்தர்

இது வீண் பயம் என்று எண்ண வேண்டாம். உலகப் புகழ் பெற்ற ஒரு திட்டத்திலேயே இது நடந்திருக்கிறது. அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தவரும் சித்தூர் மண்ணைச் சேர்ந்தவரே.

பழைய சித்தூர் மாவட்டத்தின் காட்டூர் கிராமத்தில் 1937-ல் பிறந்தவர் ராஜ் ரெட்டி. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். பின்னர் அமெரிக்கா சென்று, கம்ப்யூட்டருக்கு மனிதப் பேச்சைப் புரிய வைக்கும் ஆராய்ச்சியில் முன்னோடி ஆனார். கம்ப்யூட்டர் துறையின் நோபல் பரிசு என்று சொல்லப்படும் டூரிங் விருதை 1994-ல் பெற்றார். கிராமத்தில் பிறந்த பிள்ளைக்கும் உலகத்தின் புத்தகங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், பத்து லட்சம் புத்தகங்களை எந்திரத்தில் படம் பிடித்துச் சேமிக்கும் திட்டத்தை அவர் முன்னின்று நடத்தினார். இந்தியாவும் சீனாவும் அதில் பெரும் பங்கு ஏற்றன. 2007-க்குள் 15 லட்சம் புத்தகங்கள் படம் பிடிக்கப்பட்டன. அந்த வேலை நடந்த மையங்களுள் திருப்பதி தேவஸ்தானமும் ஒன்று.

எவ்வளவு பெரிய காரியம்! எத்தனையோ அரிய தமிழ் நூல்கள் அதனால் அழிவிலிருந்து தப்பின. ஆனால் அவற்றின் பெயர்ப் பட்டியல்? தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தில், அடையாளம் தெரியாதபடி சிதைந்து கிடக்கின்றன. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு பெயர் இருக்கிறது. சிலவற்றில் பெயரே இல்லை. புத்தகம் பத்திரமாக இருக்கிறது. கண்டு பிடிக்கத்தான் வழி இல்லை. லட்சக்கணக்கில் பக்கங்களைப் படம் பிடிக்கத் தெரிந்த திட்டத்துக்கு, தமிழ் தெரிந்த ஒருவரைப் பட்டியல் எழுத உட்கார வைக்கத் தோன்றவில்லை.

அறைக்குள் கிடந்த செப்பேடு

பட்டியலில் இல்லாதது இல்லாததற்குச் சமம். இதற்குத் திருமலையை விடச் சிறந்த சாட்சி வேண்டாம். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியாரின் பாடல்கள் ஆயிரக்கணக்கான செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள்ளேயே ஓர் அறையில் இருந்தன. பக்தர்கள் அந்த அறையைக் கடந்து போய்க் கொண்டுதான் இருந்தார்கள். உள்ளே இருப்பது என்ன என்று பல தலைமுறைகள் அறியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அவை வெளியே வந்த பிறகுதான் தெலுங்கு நாடு முழுவதும் அன்னமய்யாவைப் பாடத் தொடங்கியது.

தமிழுக்கும் திருமலையில் புதையல் உண்டு. திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்ற அறிஞர்களின் உழைப்பால் தேவஸ்தானம் 1930-களில் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. திருப்பதியில் உள்ள கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் தேவஸ்தானத்தால் தொடங்கப்பட்டு, பின்னர் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக் கழகத்துடன் இணைந்தது. அங்கே வடமொழி, தெலுங்குச் சுவடிகளோடு தமிழ்ச் சுவடிகளும் இருக்கின்றன. ஓலை காலத்தை வெல்லாது. படம் பிடித்து வைப்பது அவசியம். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட போது சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. பிரதி எடுத்து வைக்காத சுவடிகள் போனது போனதுதான். ஆனால் படம் பிடித்தால் மட்டும் போதாது. அது இன்ன சுவடி என்று தமிழ் அறிந்தவர் படித்து எழுதி வைக்கவும் வேண்டும்.

எந்திரத்தின் மீது பழி வேண்டாம்

“கம்ப்யூட்டரில் தமிழ் வராது” என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. அந்தக் காலம் மலையேறி விட்டது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் எழுத்து முறையில் 1991-லேயே தமிழ் இடம் பெற்று விட்டது. நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000-ம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ‘கோஹா’ என்ற நூலக மென்பொருள் யூனிகோட் எழுத்தை ஏற்கிறது. பல்கலைக் கழக மானியக் குழுவின் இன்பிளிப்நெட் மையம் உருவாக்கிய ‘சோல்’, மத்திய அரசின் தேசியத் தகவல் மையம் தரும் ‘இ-கிரந்தாலயா’ ஆகியவையும் இந்திய மொழிகளை ஏற்கும். எந்திரம் தயார். மென்பொருள் தயார். தமிழ் தட்டத் தெரிந்த விரல்கள்தான் வேண்டும்.

இதை ஒத்திப் போட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்ப்யூட்டர் வந்த நூலகத்தில் எந்தப் புத்தகம் எத்தனை முறை வெளியே போனது என்று ஒரு பொத்தானில் கணக்கு வந்து விடும். பட்டியலில் சரியாக ஏறாத தமிழ் நூலை யாரும் தேடி எடுக்க முடியாது. எடுக்காத நூல் ‘பயன்படாதது’ என்று கணக்கில் வரும். பயன்படாத நூலைக் கழிப்பது நூலக வழக்கம். தமிழ் நூலே போகவில்லை என்றால், புதிதாகத் தமிழ் நூல் எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்பார்கள். இதில் யாருக்கும் தமிழ் மீது பகை இருக்க வேண்டியதில்லை. கணக்கே கழுத்தை அறுத்து விடும்.

செல்போன் போதாதா?

“எல்லாம் செல்போனில் கிடைக்கிறதே, அலமாரிக்காக ஏன் அலைய வேண்டும்?” என்று இளைஞர்கள் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம். தேவஸ்தானமும் தன் வெளியீடுகளைத் தமிழ் உள்படப் பல மொழிகளில் இலவசமாக இணையத்தில் தருகிறது. சித்தூரில் இருந்து கொண்டே இவற்றைப் படிக்க முடிவது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. எனவே இலவசமாக இணையத்தில் ஏறுபவை பெரும்பாலும் பழைய நூல்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களுமே. இன்று எழுதப்படும் நாவல், இந்த ஆண்டு வந்த சிறுவர் புத்தகம், போட்டித் தேர்வு வழிகாட்டி இவற்றுக்கெல்லாம் நூலகத்தையே நாட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் குழந்தைக்குப் பெரிய எழுத்தில், படத்தோடு, கையில் பிடித்துப் பார்க்கும் புத்தகம்தான் வேண்டும். வேலை முடிந்து வரும் தொழிலாளி அரை மணி நேரம் பத்திரிகை படிக்கவும் ஒரு நாற்காலி வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தமிழ் நூல் உள்ள எந்த நூலகத்தில் கம்ப்யூட்டர் பதிவு நடந்தாலும், அந்த வேலை முடியும் வரையிலாவது தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை அமர்த்த வேண்டும். ஆள் கிடைக்காது என்று சொல்ல முடியாது. குப்பத்தில் 1997-ல் தொடங்கிய திராவிடப் பல்கலைக் கழகத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. எல்லைப்புற ஊர்களில் தமிழும் தெலுங்கும் நன்கு அறிந்த படித்த இளைஞர்கள் வேலை தேடிக் கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவதாக, தமிழ் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் தமிழ் எழுத்தில் ஏற வேண்டும். கூடவே ஒரே சீரான ஆங்கில எழுத்து வடிவமும் இருக்கலாம். ரெயில் நிலையக் குறியீடு போல அது எல்லா நூலகத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பதிவைச் சரி பார்த்து முடிக்கும் வரை பழைய அட்டைகளையும் பேரேடுகளையும் கழிக்கக் கூடாது.

நான்காவதாக, தமிழ்நாடு அரசு கை கொடுக்கலாம். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே ஒரு முறை தமிழில் சரியாகப் பதிவு செய்த விவரத்தை வெளிமாநில நூலகங்களுக்கும் கொடுத்தால், மறுபடி யாரும் தட்ட வேண்டியதே இல்லை. கம்ப்யூட்டரின் பெரிய லாபமே அதுதான். இதே மரியாதையைத் தமிழ்நாடு தன்னிடம் உள்ள தெலுங்கு நூல்களுக்கும் செய்ய வேண்டும். சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகாலிலும் தெலுங்குச் சுவடிகள் நிறைய உள்ளன. ஒரு கை கொடுத்தால்தான் மறு கை நீளும்.

கடைசியாக, தமிழர்களின் கடமை. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா நடத்துகின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன. நல்லதுதான். ஆனால் உறுப்பினர்களில் எத்தனை பேர் உள்ளூர் நூலகத்தில் சந்தா கட்டியிருக்கிறார்கள்? மாதத்துக்கு ஒரு தமிழ்ப் புத்தகமாவது எடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர்? கணக்கு பேசும் காலத்தில் கணக்கில் பெயர் இருக்க வேண்டும். ஒவ்வொரு சங்கமும் இருவரை அனுப்பி, தம் ஊர் நூலகத்தில் உள்ள தமிழ் நூல்களை ஒரு நோட்டில் குறித்து வரச் செய்யலாம். பின்னர் கம்ப்யூட்டர் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டதை நூலகரிடம் பணிவாக எடுத்துச் சொல்லலாம். நூலகர்கள் பெரும்பாலும் புத்தகத்தை நேசிப்பவர்கள். காது கொடுத்துக் கேட்பார்கள்.

தமிழகத்தின் வட எல்லையாக வேங்கட மலையைச் சொல்லும் வழக்கம் தொல்காப்பியக் காலத்தது. அந்த மலை அடிவாரத்து நூலகத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் மொழியில் ஒரு புத்தகத்தின் பெயரைத் தட்டும் போது, திரையில் ‘இல்லை’ என்று வரக் கூடாது. அதற்குப் பெரிய போராட்டம் எதுவும் தேவை இல்லை. சில மாத உழைப்பும் சில பேரின் அக்கறையும் போதும். சங்கங்கள் முன் வருமா?